பழவேற்காட்டு வழியில் மிஞ்சியவை

இந்த வாரத் தியானத்துக்குரிய வேதபகுதிகள் பிலிப்பியர் 1:9-11, பிலிப்பியர் 4:10-14. வேதாகமத்தைத் திறந்து அவற்றை ஒருமுறை வாசித்துவிட்டு இதைத் தொடருங்கள்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை நம் பகுதியில் யாரும் எளிதில் மறக்கமாட்டார்கள். முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின் மழை வீடுகளுக்குள் புகுந்தது. எண்ணூர்ப் பக்கத்தில் வந்த வெள்ளம் வெறும் தண்ணீராக வரவில்லை. கச்சா எண்ணெயைச் சுமந்துகொண்டு வந்தது. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படகுகளும் வலைகளும் கறுத்தன. எர்ணாவூர் வீட்டுச் சுவர்களில் எண்ணெய்க் கோடு படிந்தது. அந்தத் துயரம் ஆறுமுன்பே, 26-ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் கடற்கரையில் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. தூக்கத்தில் இருந்த பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள்.

அதற்குப் பின் வீடு சந்திப்புக்குப் போன இடங்களில் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "ஓடும்போது கையில் எதை எடுத்தீர்கள்?" ரேஷன் அட்டை என்றார் ஒருவர். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் என்றார் இன்னொருவர். ஒரு தாய், நகை அடகு வைத்த சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடியதாகச் சொன்னார். நகை கடையில் இருந்தது; சீட்டு மட்டுமே அவரிடம் இருந்தது. அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கோ அந்த முடிச்சு பல நாட்கள் மனதைவிட்டு அகலவில்லை. ஆபத்து வரும் அந்த ஒரு நிமிடத்தில், நமக்கு எது முக்கியம் என்பதை நம்முடைய கைகள் நம்மைக் கேட்காமலே சொல்லிவிடுகின்றன.

இந்தக் கேள்வியோடு உங்களை இருநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய சென்னைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். நாம் நிற்கும் இதே கடற்கரைக்கு வடக்கே, இரண்டு முறை ஓடிப்போய் இரண்டு முறை திரும்பி வந்த ஒரு ஊழியரின் சரித்திரம் இது. அவர் பெயர் யோகான் பிலிப் ஃபபிரிசியுஸ். ஞாயிறுதோறும் நாம் அவருக்குக் கடன்பட்டவர்களாகவே ஆலயத்தில் உட்காருகிறோம். ஆனால் நம்மில் பலர் அவர் பெயரைக் கேட்டதும் இல்லை.

வேப்பேரியின் ஊழியர்

ஃபபிரிசியுஸ் 1711-ஆம் ஆண்டு ஜெர்மானிய தேசத்தில் பிறந்தார். முதலில் சட்டம் படித்தார். பின்பு அதை விட்டு ஹாலே நகரத்துக்குச் சென்று இறையியல் கற்றார். 1740-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1742-இன் இறுதியில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அதற்குப் பின் 1791-இல் மரிக்கும்வரை அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. ஐம்பது ஆண்டுகள் தமிழ் மண்ணில் வாழ்ந்து இந்த மண்ணிலேயே முடிந்த வாழ்க்கை அது.

அவர் வந்தபோது சென்னை என்பது ஜார்ஜ் கோட்டையும், அதை ஒட்டிய கறுப்பர் பட்டணமும், சுற்றிலும் கிராமங்களுமாக இருந்தது. துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகளில் நம் கரையோர மக்கள் அலையைக் கடந்து சென்று ஆட்களையும் பொதிகளையும் கரை சேர்ப்பார்கள். அந்தக் கறுப்பர் பட்டணத்தில் ஒரு சிறு சபையும் பள்ளிக்கூடமும் அவர் பொறுப்பில் விடப்பட்டன.

நான்கு ஆண்டுகள்கூட முழுமையாகக் கழியவில்லை. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை கடல்வழியாக வந்து சென்னையைப் பிடித்தது. கோட்டையை ஒட்டியிருந்த குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. மிஷனின் ஆலயமும் வீடும் போருக்குப் பலியாயின. பள்ளிப் பிள்ளைகளை எங்கே கொண்டுபோவது? ஃபபிரிசியுஸ் வடக்கே பார்த்தார். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று இன்று நாம் சொல்லும் கரையைத் தாண்டி, நகரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், பழவேற்காட்டில் டச்சுக்காரரின் கோட்டை இருந்தது. 1613-இல் கட்டப்பட்ட கெல்டிரியா கோட்டை அது. அங்கே ஏரிக்கரையில் அவருடைய சிறு மந்தைக்குப் புகலிடம் கிடைத்தது.

1749-இல் சென்னை மறுபடியும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. திரும்பி வந்தவருக்குப் பழைய இடம் இல்லை. சில ஆண்டுகளில் வேப்பேரியில் ஒரு ஆலயம் மிஷனுக்குக் கொடுக்கப்பட்டது. அது ஒரு அர்மீனிய வணிகர் கட்டி, கத்தோலிக்கக் கப்புச்சின் துறவியர் ஆராதனை நடத்திவந்த இடம். போரில் அவர்கள் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தார்கள் என்ற சந்தேகத்தால் ஆங்கிலேயர் அதை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். நமக்கு வந்த நன்மை மற்றொரு சபையின் கண்ணீரோடு சேர்ந்து வந்தது என்பதைச் சரித்திரத்தைச் சொல்லும் போதகன் மறைக்கக்கூடாது.

வேப்பேரியில் வேர்விட்டுப் பத்து ஆண்டுகள் ஆகவில்லை. மறுபடியும் போர் வந்தது. 1758 டிசம்பரில் லாலி என்ற தளபதியின் கீழ் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டது. கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்த வேப்பேரி கொள்ளையிடப்பட்டது. ஃபபிரிசியுஸும் அவருடைய உடன் ஊழியர் பிரைத்ஹாப்டும் சபையாரோடு மறுபடியும் பழவேற்காட்டுக்குப் போனார்கள். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் கடலில் தென்பட்டதும் முற்றுகை விலகியது. சூறையாடப்பட்ட வீட்டுக்கு அவர்கள் திரும்பினார்கள்.

சுமார் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வீடிழந்த மனிதர் இதன்பின் என்ன செய்திருப்பார் என்று எண்ணுகிறீர்கள்? தரங்கம்பாடிக்குப் போயிருக்கலாம், அங்கே டேனிஷ் கொடியின் கீழ் பாதுகாப்பு இருந்தது. ஜெர்மனிக்குத் திரும்பியிருக்கலாம்; அவருக்கு முன்பு சென்னையில் ஊழியம் செய்த ஷூல்ட்ஸ் அப்படித்தான் திரும்பினார்; யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஃபபிரிசியுஸ் வேப்பேரியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தமிழ் எழுதத் தொடங்கினார்.

ஒரே வேலை

அவர் தெரிந்துகொண்ட வேலை அதுதான்: வேதத்தைத் தமிழர் காதுக்கு இதமான தமிழில் தருவது. புதிய ஏற்பாடு தமிழில் அதற்கு முன்பே இருந்தது. சீகன்பால்க் மொழிபெயர்த்தது 1715-க்குள் தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது. முதல் விதை என்ற பெருமை என்றும் அவருக்கே உரியது. ஆனால் அந்த நடை தமிழ் வாசகருக்கு இடறியது. ஃபபிரிசியுஸ் தமிழ் அறிந்தவர்களோடு அமர்ந்து, வாக்கியம் வாக்கியமாக வாசித்துக்காட்டி, திருத்தி, மறுபடியும் திருத்தினார். கடவுளுக்கு அவர் பயன்படுத்திய சொல் 'பராபரன்'. நம் முன்னோரின் ஜெபங்களில் அந்தச் சொல் எவ்வளவு காலம் ஒலித்தது என்பதை உங்களில் வயதானவர்கள் அறிவீர்கள்.

எழுதியதை அச்சிட அவரிடம் இயந்திரம் இல்லை. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரம் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது. அரசாங்கத்தின் வேலைகளை முதலில் அச்சிட்டுத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு அது வேப்பேரி மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. தன்னை இரண்டு முறை துரத்திய போர், மூன்றாம் முறை ஒரு அச்சு இயந்திரத்தை வாசலில் இறக்கிவிட்டுப் போயிற்று! அதையும் அவர் நிபந்தனையோடே ஏற்றுக்கொண்டார். அரசாங்கத்தின் காகிதங்களை அச்சிட்டார். இடையில் கிடைத்த நேரத்தில் தமிழை அச்சிட்டார்.

அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் வெளிவந்தது. சென்னைக்கு அவர் வந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1779-இல் ஏறத்தாழ ஒன்பதாயிரம் சொற்கள் கொண்ட தமிழ்-ஆங்கில அகராதி வெளிவந்தது. அதை விரித்துத் திருத்திய பதிப்புகள் இருபதாம் நூற்றாண்டுவரை தரங்கம்பாடியில் அச்சாயின. ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் பலவற்றை அதே மெட்டுகளுக்குப் பொருந்தத் தமிழாக்கினார். பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு, அவர் கண்மூடிச் சில ஆண்டுகளுக்குப் பின்பே முழுமையாக அச்சில் வந்து சேர்ந்தது.

பின்னாளில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், எல்லாச் சபைகளுக்கும் பொதுவான ஒரு மொழிபெயர்ப்பைச் செய்ய ஹென்றி பவர் ஐயர் தலைமையில் குழு அமர்ந்தபோது, ஃபபிரிசியுஸின் மொழிபெயர்ப்பையே அவர்கள் அடித்தளமாக வைத்துக்கொண்டார்கள். 1871-இல் முழுமையான அந்த வேதாகமத்தின் சொல்லோசைதான் இன்றும் நம் வீடுகளில் காலை ஜெபத்தில் கேட்கிறது. உங்கள் பாட்டியின் தலையணைக்கருகே இருந்த வேதாகமத்துக்குள், வேப்பேரியில் இரண்டு முறை கொள்ளைபோன ஒரு வீட்டின் உழைப்பு இருக்கிறது.

அவர் விழுந்த இடம்

இவ்வளவோடு நிறுத்தினால் இது ஒரு நல்ல பிரசங்க உவமையாக முடியும். ஆனால் முழு உண்மை அதுவல்ல. உண்மையில் நமக்கு அதிகம் தேவைப்படும் பகுதி இனிமேல்தான் வருகிறது.

ஃபபிரிசியுஸ் நேர்மையானவர் என்று ஊரெங்கும் பெயர் இருந்தது. அந்தப் பெயரை நம்பிப் பலர் தங்கள் பணத்தை அவரிடம் கொடுத்துவைத்தார்கள். மிஷனின் பணமும் அவர் கையில் இருந்தது. அது வளரட்டும் என்று அவர் அதை வட்டிக்குக் கொடுத்தார். அக்காலச் சென்னையில் ஆற்காட்டு நவாபின் வட்டாரத்தைச் சுற்றிக் கடனும் வட்டியும் பெருகிக்கிடந்தன. பெரிய பெரிய ஆங்கிலேய அதிகாரிகளே அதில் இறங்கியிருந்தார்கள். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. கொடுத்துவைத்தவர்கள் ஃபபிரிசியுஸின் கதவைத் தட்டினார்கள். 1770-களின் இறுதியில் தொடங்கிய அந்தச் சரிவு அவர் முதுமை முழுவதையும் விழுங்கியது. எழுபது வயதைத் தாண்டிய அந்த மொழிபெயர்ப்பாளர் கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். வாலிபத்தில் சட்டம் படித்தவரைச் சட்டம் முதுமையில் பிடித்தது.

அதே ஆண்டுகளில் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது? 1780-இல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதியில் நுழைந்தது. கிராமங்கள் காலியாகி, பசித்த ஜனங்கள் சென்னைக்குள் வந்து குவிந்தார்கள். 1782-இல் கறுப்பர் பட்டணத்தின் வடபுறத்தில், பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் தொடங்கப்பட்டது. அதுதான் மணியக்காரர் சத்திரம். அந்தக் கஞ்சித்தொட்டியின் அருகே வளர்ந்த மருத்துவமனையே இன்று நாம் வரிசையில் நிற்கும் ஸ்டான்லி மருத்துவமனை. பழைய ஆட்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதானே சொல்கிறார்கள்! அந்த 1782-ஆம் ஆண்டிலேயே, பழவேற்காட்டுக்கு அவரோடு சென்று திரும்பிய பிரைத்ஹாப்டும் மரித்தார். ஊரில் பஞ்சம், தோழர் இல்லை, தலைமேல் கடன், பெயரும் கெட்டது.

1788-இல் கெரிக்கே என்ற இளைய ஊழியர் சென்னை மிஷனின் பொறுப்பை ஏற்றார். அவர் முதியவரைத் தள்ளிவைக்கவில்லை. சிறையிலிருந்து விடுவித்து அவருடைய கடைசி ஆண்டுகள் அமைதியாகக் கழிய உதவினார். 1791 ஜனவரியில், எண்பதாம் வயதில், ஃபபிரிசியுஸ் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இந்த மனிதரை எப்படி எடைபோடுவது? போர் அவரிடமிருந்து வீட்டையும் ஆலயத்தையும் பறித்தது. அவர் கலங்கியிருப்பார்; ஆனால் உடையவில்லை. அவரை உடைத்தது போரல்ல, அவர் கையில் வந்து சேர்ந்த பணம். துன்பத்தை அவர் ஏற்றுக்கொண்ட இடத்தில் தமிழ் வேதாகமம் பிறந்தது. தனக்குரியதல்லாத ஒரு வேலையை, நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், அவர் கையில் எடுத்த இடத்தில் சிறைக்கதவு திறந்தது. இரண்டும் ஒரே மனிதர், ஒரே வீடு, ஒரே மேசையாகக்கூட இருக்கலாம்.

பவுல் எந்த வரிசையில் கற்றார்

இப்போது நம் வேதபகுதிக்கு வாருங்கள். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், எந்த நிலையில் இருந்தாலும் மனநிறைவோடு இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகப் பவுல் சொல்கிறார். அங்கே அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'அவுட்டார்க்கேஸ்'. அது அக்காலத்து ஸ்தோயிக்கத் தத்துவ ஞானிகள் விரும்பிக் கையாண்ட சொல். எவரையும் எதையும் சாராமல், தனக்குத்தானே போதுமானவனாக நிற்பவன் என்று அவர்கள் பொருள் கொண்டார்கள். பவுல் அந்தச் சொல்லை எடுத்து உள்ளே இருந்ததை மாற்றிவிட்டார். தமக்குப் போதுமானவர் கிறிஸ்துவே என்று, தம்மைப் பெலப்படுத்துகிறவரைக் காட்டுகிறார்.

இந்தப் பகுதியில் இரண்டு காரியங்களை நாம் வழக்கமாகக் கவனிக்காமல் கடந்துபோகிறோம்.

முதலாவது, 'கற்றுக்கொண்டேன்' என்ற வினை. மனநிறைவு சிலருக்குப் பிறவியிலேயே அமைந்த சுபாவம் என்று நாம் நினைக்கிறோம். பவுல் அதைப் பாடம் என்கிறார். பாடத்துக்கு ஆண்டுகள் வேண்டும், தவறுகள் உண்டு, மறுபடியும் முதல் பக்கத்துக்குத் திரும்புவதும் உண்டு.

இரண்டாவது, நிருபத்தின் வரிசை. நான்காம் அதிகாரத்து மனநிறைவுக்கு வெகு முன்பே, முதலாம் அதிகாரத்தில், பவுல் பிலிப்பியருக்காக ஒரு ஜெபம் செய்கிறார். அவர்களுடைய அன்பு அறிவோடும் உணர்வோடும் பெருகி, எது மேன்மையானது என்று பகுத்துத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதே அந்த ஜெபம். முதலில் தெரிந்துகொள்ளுதல், பின்பே மனநிறைவு. நாமோ இதைத் தலைகீழாக்குகிறோம். 'கஷ்டம் தீரட்டும், கடன் அடையட்டும், பிள்ளைக்கு வேலை கிடைக்கட்டும். மனது நிம்மதியானபின் கர்த்தருக்கு எது பிரியம் என்று யோசிக்கிறேன்' என்கிறோம். அந்த நாள் வருவதில்லை. எது முக்கியம் என்று தீர்மானிக்காதவனுக்கு எவ்வளவு கிடைத்தாலும் போதாது. ஏனெனில் எதற்குப் போதும் என்று அவனுக்கே தெரியாது.

ஃபபிரிசியுஸுக்கு முற்றுகைக்குப் பின்பும் திரும்பி வந்து உட்கார ஒரு வேலை இருந்தது. ஆகவே கொள்ளைபோன வீடும் அவருக்குப் போதுமான வீடாயிற்று. பண விஷயத்தில் அவருக்கு அந்தத் தெளிவு இல்லை. எது தம் ஊழியம், எது தம் ஊழியமல்ல என்ற கோடு மங்கியது. அந்த மங்கலுக்கு அவர் கொடுத்த விலை பத்து ஆண்டு நிம்மதி.

ஏற்றுக்கொள்வது வேறு, அடங்கிப்போவது வேறு

இங்கே உங்களில் சிலர் என்னை நிறுத்திக் கேட்பீர்கள் என்று அறிவேன். 'ஐயரே, எண்ணெய் கலந்த தண்ணீரையும் விஷவாயுவையும் கர்த்தர் கொடுத்த கஷ்டம் என்று ஏற்றுக்கொள்ளச் சொல்கிறீரா?' நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மனநிறைவைப் பற்றிப் பிரசங்கிக்கும் போதகன், தெரிந்தோ தெரியாமலோ, அநியாயம் செய்பவனுக்கு உதவுகிறான்.

பதிலும் பிலிப்பி பட்டணத்திலிருந்தே வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அதே பவுலும் சீலாவும் பிலிப்பியில் விசாரணையின்றி அடிக்கப்பட்டு, தொழுமரத்தில் கால்கள் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் பாடினார்கள். அது ஏற்றுக்கொள்ளுதல். பொழுது விடிந்ததும் அதிகாரிகள், அவர்களை ஓசையின்றிப் போகவிடும்படி ஆள் அனுப்பினார்கள். பவுல் போகவில்லை. ரோமக் குடிமக்களாகிய எங்களை வெளியரங்கமாக அடித்துவிட்டு இரகசியமாக அனுப்புவீர்களோ, அதிகாரிகளே வந்து அழைத்துப்போகட்டும் என்ற பொருளில் பதில் சொன்னார். அதிகாரிகள் பயந்து, வந்து கேட்டுக்கொண்டார்கள். இராத்திரி பாடிய அதே வாய்தான் காலையில் நியாயம் கேட்டது. மனநிறைவைப் பற்றி அவர் நிருபம் எழுதியதும் இதை நேரில் கண்ட அந்தச் சபைக்குத்தான்.

ஆகவே, நடந்துபோன இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்காக இரவெல்லாம் உங்களை நீங்களே தின்றுகொள்ளாதீர்கள். ஆனால் காற்றும் ஆறும் சுத்தமாக இருக்கவேண்டும் என்று கேட்பதும், மனு கொடுப்பதும், அண்டை வீட்டாரோடு சேர்ந்து நிற்பதும் முறுமுறுப்பு ஆகாது. எது முக்கியம் என்று அறிந்தவன்தான் அதைத் துணிவாகக் கேட்கமுடியும். மனநிறைவு உள்ளவனை மிரட்டுவதும் எளிதல்ல, விலைக்கு வாங்குவதும் எளிதல்ல.

நம் முந்தானையின் முடிச்சு

என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவர்களில் பாதிப் பேருக்குமேல் கடனைப் பற்றியே பேசுகிறார்கள். ஏலச்சீட்டு எடுத்தவர் ஓடிப்போனார். குழுக் கடனுக்கு வாரந்தோறும் கட்டவேண்டும். தம்பிக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். மகள் திருமணத்துக்கு மீட்டர் வட்டி வாங்கினேன். துறைமுகத்தில் வேலை குறைந்துவிட்டது; கடலில் மீன் குறைந்துவிட்டது; செலவு மட்டும் குறையவில்லை. இவர்களில் பெரும்பாலோர் பேராசைக்காரர் அல்லர். ஃபபிரிசியுஸைப் போல நல்லெண்ணத்தால் மாட்டிக்கொண்டவர்கள். அவர்களுக்கும் நம் எல்லாருக்குமாக மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, உங்களுக்கு ஒப்புவிக்கப்பட்ட வேலை எது என்று இந்த வாரம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே வாக்கியம் போதும். பிள்ளையைப் படிக்கவைப்பது, படுக்கையில் இருக்கும் தாயைப் பராமரிப்பது, கற்ற தொழிலை நேர்மையாகச் செய்வது, எதுவானாலும் சரி. அது தெரிந்தால், எதைத் துணிந்து விடலாம் என்பதும் தெரியும். பக்கத்து வீட்டுத் திருமணத்தைப்போல நம் வீட்டுத் திருமணமும் நடக்கவேண்டும் என்பது கர்த்தர் நமக்கு ஒப்புவித்த வேலை அல்ல.

இரண்டாவது, பிறர் பணத்தை உங்கள் நேர்மையை மட்டும் நம்பிக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். சபைப் பணமானாலும், சங்கப் பணமானாலும், சீட்டுப் பணமானாலும் கணக்கும், ரசீதும், இரண்டாவது கையெழுத்தும் இருக்கட்டும். இதை எனக்கும் சேர்த்தே சொல்கிறேன். வேதத்தையே மொழிபெயர்த்த கை இடறியது என்றால், அதை வாசித்துப் பிரசங்கிக்கும் கை எம்மாத்திரம்?

மூன்றாவது, உதவியை ஏற்றுக்கொள்ள வெட்கப்படாதீர்கள். மனநிறைவைக் கற்றுக்கொண்டேன் என்று எழுதிய பவுல், அடுத்த மூச்சிலேயே, தம் உபத்திரவத்தில் பிலிப்பியர் பங்குகொண்டது நல்ல செயல் என்று நன்றி சொல்கிறார். பவுலுக்கு ஒரு எப்பாப்பிரோதீத்து வந்தான். ஃபபிரிசியுஸுக்கு ஒரு கெரிக்கே வந்தார். கடனை வீட்டுக்குள் மறைத்துவைத்துத் தனியே கருகிப்போவது விசுவாசமல்ல. வாருங்கள், பேசுவோம். வழி தெரிந்தவர்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள். நாமும் ஒருவருக்கொருவர் கெரிக்கேயாக இருப்போம். விழுந்தவரின் கணக்கைக் கேட்பதற்குமுன் அவர் கையைப் பிடிப்போம்.

அடுத்த முறை எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கே போகும்போது, கடலையும் லாரி வரிசையையும் தாண்டிச் சற்றுத் தொலைவில் பழவேற்காடு இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை அங்கே போய் அடைக்கலம் புகுந்தவர், திரும்பி வந்தபோது தம்மோடு கொண்டுவந்தது முடிக்கவேண்டிய ஒரு வேலையை. அது முடிந்தது. அவருடைய கடன் நமக்கு ஒரு எச்சரிக்கையாகவும், அவருடைய வேலை நமக்கு அன்றாட அப்பமாகவும் மிஞ்சியிருக்கின்றன.

ஜெபிப்போம்.

எங்கள் பரம தகப்பனே, நீர் எங்களுக்கு ஒப்புவித்த வேலை எது என்று எங்களுக்குக் காட்டும். எங்களுடையதல்லாததை இறக்கிவைக்க மனதைத் தாரும். இழந்துபோனதை உம்முடைய கரத்தில் விட்டுவிடவும், நியாயமானதைப் பயமின்றிக் கேட்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். கடன் பாரத்தால் இன்றிரவு தூங்காதிருக்கும் எங்கள் சகோதரரையும் சகோதரிகளையும் நினைத்தருளும். அவர்களுடைய கதவைத் தட்ட எங்களை அனுப்பும். எங்களுக்குப் போதுமானவராகிய கிறிஸ்து இயேசுவின் மூலமாய்க் கேட்கிறோம். ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்